தனியும் போண்டாவும்

மயிலாப்பூர் சபா மேடையில் நீரஜா கிட்டார் வாசித்துக்கொண்டிருக்கிறாள். இருபது வருஷமாகத் தேனாம்பேட்டை ஹோட்டல்களில் கரண்டிச் சத்தத்துக்கு நடுவே ஜாஸ் வாசித்தவளுக்கு, இந்தச் சபாவில் இன்றுதான் முதல் கச்சேரி. பாதிப் பாட்டில் அவள் கண்ணைக் காட்ட, டிரம்ஸ் புகழேந்தி தனியாக வாசிக்கத் தொடங்குகிறான். அவ்வளவுதான், தனி ஆவர்த்தனம் வந்துவிட்டது என்று பழக்கதோஷத்தில் அரங்கமே கேன்டீனுக்குக் கிளம்புகிறது. நாற்காலிகள் படபடவென்று மடங்குகின்றன, பட்டுப்புடவைகள் சரசரக்கின்றன, மஞ்சள் வெளிச்சத்தில் வழுக்கைத் தலைகள் வாசலைப் பார்த்துத் திரும்புகின்றன. "இன்னாக்கா, எல்லாரும் போய்க்கினே கீறாங்க?" என்கிறான் புகழேந்தி, கையை நிறுத்தாமல். "போகட்டும். நீ சத்தத்தைக் குறை." அவன் குச்சியை வைத்துவிட்டுக் கம்பிப் பிரஷ்ஷை எடுக்கிறான், தூறல் விழுகிற மாதிரி அது தோலில் உரசுகிறது. காலி நாற்காலிகளுக்கு வாசித்தவளை இங்கே மறுபடி யாரும் கூப்பிடப்போவதில்லை என்று நீரஜாவுக்குத் தெரியும். எழுந்து போகிறவர்கள் எத்தனையோ பேரைப் பார்த்தவள் அவள். உரக்க வாசித்தால் இன்னும் வேகமாகப் போவார்கள் என்பதும் தெரியும். மைக்கை ஓரமாகத் தள்ளிவிட்டு, நகம் படாமல் விரல் சதையால் மட்டும் தந்தியைத் தொடுகிறாள். அந்த மெல்லிய நாதத்தின் மேல் செருப்புச் சத்தம் அசிங்கமாகக் கேட்கிறது. ஒவ்வொரு செருப்பாக நின்றுபோகிறது. "ஏன்னா, வாங்கோ, போண்டா ஆறிடும்," என்று நடைபாதையில் ஒரு மாமி கிசுகிசுப்பது மேடைவரை கேட்கிறது. பாதி எழுந்திருந்த அவள் கணவர் மறுபடி உட்கார்ந்து, மேடையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொல்கிறார்: "ஆறினா ஆறட்டும். உக்காருடி."