நேரில் நிற்கிற டாக்டர்

"டாக்டர் எங்கே?" என்று கேட்டார் ரங்கநாதன்.

"பெங்களூர்ல இருக்காங்க சார். அங்கேருந்தே பண்ணுவாங்க" என்றார், ஆனேக்கல் ஆஸ்பத்திரியின் டியூட்டி டாக்டர் கிரண்.

மேஜையில் ரங்கநாதனின் தங்கை கணவர் ரகுராம் கிடந்தார். வலது கையும் காலும் விழுந்துவிட்டன, வாய் கோணிவிட்டது. கல்லூரியில் பாடம் நடத்தி, அந்த வாயால் பிழைக்கிற மனுஷன்.

மூளைக்குப் போகும் ரத்தக் குழாயை ஒரு ரத்தக்கட்டி அடைத்திருக்கிறது, தொடை வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி அதை உருவ வேண்டும், குழாயை இங்கே ரோபோ பிடித்துக்கொள்ளும், பெங்களூரிலிருந்து பெரிய டாக்டர் அதை நகர்த்துவார் என்று கிரண் விளக்கினார். ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம் என்றும் கெஞ்சினார்.

ரங்கநாதனுக்கு இளக்காரமாக இருந்தது. இத்தனைக்கும் இவர், சந்தாபுரா ஃபிளாட்டில் அரை டிராயரோடு உட்கார்ந்து, அமெரிக்க பேங்க் ஒன்றின் கம்ப்யூட்டர்களை இருபது வருஷமாக மேய்த்துச் சம்பாதிக்கிறவர்தான். அது வேறாம். டாக்டர் என்றால் எதிரே நிற்க வேண்டுமாம்.

"வீடியோ கேம் ஆட எங்க மாப்பிள்ளைதான் கிடைச்சாரா?"

"சார், அந்த டாக்டர் யாருன்னு கொஞ்சம்..."

"எந்தக் கொம்பனா வேணா இருக்கட்டும். எனக்கு நேர்ல நிக்கிற டாக்டர் வேணும்."

இங்கேயே பண்ணிவிடலாமே அண்ணா என்று தங்கை உஷா இழுத்தாள். உனக்கென்ன தெரியும் என்று அவள் வாயை அடைத்தார். பெங்களூருக்கே கொண்டுபோக அவர் வரவழைத்த ஆம்புலன்ஸ் வந்து சேரவே அரை மணி ஆனது.

ரகுராமை மேஜையிலிருந்து இறக்கி வெளியே தள்ளிக்கொண்டு வந்தபோது, எதிரே இன்னொரு ஸ்ட்ரெச்சர் வந்தது. ஃபேக்டரி வாட்ச்மேன் பெருமாள்சாமி. அவருக்கும் அதே பக்கவாதம். மனைவி காந்தா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நீட்டிய காகிதத்தில் கையெழுத்துப் போட்டாள். காலியான மேஜையில் அவரைப் படுக்க வைத்தார்கள்.

"இந்த மாதிரி ஆளுங்களை வெச்சுப் பழகிக்கட்டும்" என்றார் ரங்கநாதன், ஆம்புலன்ஸ் கதவைச் சாத்திக்கொண்டு.

போகும் வழியெல்லாம் அவருக்கு போன்தான். ஸ்ட்ரோக்குக்குப் பெங்களூரிலேயே பெரிய ஆள் யார் என்று நாலு பேரிடம் விசாரித்தார். நாலு பேரும் டாக்டர் மௌரீன் என்றார்கள். பொம்மனஹள்ளி நெரிசலில் வண்டி ஊர்ந்தபோதும் அவர் முகத்தில் இருந்த பெருமிதம் குறையவில்லை.

பெங்களூர் ஆஸ்பத்திரியில், டாக்டர் மௌரீன் ஒரு கேஸில் இருக்கிறார், இதோ முடிந்துவிடும் என்றார்கள். ரங்கநாதன் காத்திருக்கிற ஜாதியா? நேரே போய் அந்த அறையின் கண்ணாடி வழியே பார்த்தார்.

டாக்டரம்மாவின் எதிரே நோயாளியே இல்லை. திரைகள்தான் இருந்தன. ஒரு திரையில் கிரண் தெரிந்தார். பக்கத்தில், மேஜை மேல், பெருமாள்சாமி.

வெளியே வந்த மௌரீன், ரகுராமின் பெயரைக் கேட்டதும் நின்றார்.

"ஆனேக்கல் ரகுராமா? இவருக்காகத்தான் நான் முதல்ல உட்கார்ந்தேன். வேண்டாம்னு கூட்டிட்டுப் போயிட்டதா சொன்னாங்களே?"

பதிலுக்குக் காத்திராமல் உள்ளே ஓடினார். கட்டியை எடுத்தும் விட்டார். ஆனால் இரண்டரை மணி நேரம் போனது போனதுதான். கை கொஞ்சம் திரும்பும், பேச்சு வருமா என்று சொல்ல முடியாது என்றார். உஷா அதற்கப்புறம் அண்ணனோடு பேசவே இல்லை.

ஆறாம் நாள், மௌரீனிடம் காட்டிவிட்டுப் போக பெருமாள்சாமி வந்தார். தன் காலாலேயே நடந்து வந்தார். கிரணிடம் விசாரித்து வார்டைக் கண்டுபிடித்து, காந்தாவும் அவருமாக ரகுராமின் கட்டிலருகே வந்து நின்றார்கள். உறவுக்காரர்கள் சுற்றி இருந்தார்கள். காந்தா நேரே ரங்கநாதனிடம் போய்க் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"ஐயா, உங்க ஆளை மேஜையிலேர்ந்து இறக்கிட்டு எங்க வீட்டுக்காரருக்கு எடம் விட்டீங்களே. கூடப் பொறந்தவங்க கூட செய்ய மாட்டாங்கய்யா."

உறவுக்காரர்கள் ரங்கநாதனை வியந்து பார்த்தார்கள். உஷாவும் நிமிர்ந்து பார்த்தாள். ரகுராமின் வாய் எதையோ சொல்லத் துடித்தது. எச்சில்தான் வழிந்தது.

ரங்கநாதன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அதனால என்னம்மா, உயிர் எல்லாருக்கும் ஒண்ணுதானே."