இல்லாத மூட்டை

“இப்போ உங்க கவலை எல்லாம் ஒரு மூட்டையா முதுகு மேல இருக்கிறதா நினைச்சுக்கோங்க” என்றார் கிடங்குக்கு வகுப்பெடுக்க வந்த அம்மா.

மூட்டை தூக்குகிறவர்கள் நாங்கள் பன்னிரண்டு பேர். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

“எத்தனை கிலோ மூட்டைம்மா?” என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

“உங்க மனசுல எவ்வளவு இருக்கோ, அவ்வளவு.”

“அப்போ தனியாத் தூக்க முடியாதே. ரெண்டு பேர் ஏத்திவிடணும்.”

அவர் சிரித்தார். நாங்கள் சிரிக்கவில்லை. தொழில் என்றால் தொழில்தான். ஒருவன் குனிய, இருவர் ஆளுக்கொரு மூலையைப் பிடித்து ஏற்றிவிட்டார்கள். துண்டைச் சும்மாடாகச் சுருட்டிப் பிடரியில் வைத்துக்கொண்டவர்களும் உண்டு. கடைசி ஆளுக்கு ஏற்றிவிட யாரும் மிச்சமில்லை. அவர் தன் மூட்டையை மேசைமேல் வைத்து, அங்கிருந்து முதுகு கொடுத்து வாங்கிக்கொண்டார்.

அந்த அம்மாவுக்குப் பின்னால் ஒரு பேனர் தொங்கியது. எழுத்துக்கூட்டிப் படித்தேன். மன அழுத்தத்தைக் கையாள்வோம். கடைசிச் சொல் எனக்குப் பழக்கம். கண்ணாடிப் பெட்டிகளின் மேல் போட்டிருக்கும், கவனமாகக் கையாளவும் என்று. அந்த எழுத்தைப் பார்த்தால் பெட்டியைத் தூக்கி எறியக் கூடாது.

வாசலில் மேஸ்திரி நின்றிருந்தார். கையில் தாளும் பேனாவும்.

அவர் நாற்காலி போட்டாலும் உட்கார மாட்டார். கீழே விழுந்த எதையும் கையால் எடுக்க மாட்டார், காலால் நம் பக்கம் தள்ளிவிடுவார். அவ்வளவு தலைக்கனம். நாங்கள் வைத்த பெயர் கம்பி.

முதுகு போனவர்களின் பெயரை இன்று சாயங்காலத்துக்குள் எழுதித் தரும்படி அலுவலகத்தில் அவரிடம் சொல்லியிருந்தார்கள். அந்தத் தாளில் பெயர் ஏறியவன் நாளை முதல் வேலைக்கு வர வேண்டாம்.

என் முதுகு போய் மூன்று வாரம்.

அது என் மச்சான் ஒருவனுக்குத்தான் தெரியும். மனைவியின் தம்பி, வேலையில் என் ஜோடி. பாரம் தன் பக்கம் சாயும்படி பிடித்துப் பிடித்தே மூன்று வாரத்தை ஓட்டிவிட்டான். தன் அக்காவிடம்கூட மூச்சு விடவில்லை.

என் முறை வந்தபோது, இல்லாத மூட்டைதானே என்று தைரியமாகக் குனிந்தேன். மச்சானும் இன்னொருவனும் ஏற்றிவிட்டார்கள்.

இடுப்பில் பளீரென்று ஒரு பிடிப்பு.

மூன்று வாரமாக நிஜ மூட்டைக்கெல்லாம் ஈடுகொடுத்த முதுகு, ஒன்றுமே இல்லாததற்கு மாட்டிக்கொண்டது. நிமிரவும் முடியவில்லை, குனியவும் முடியவில்லை. நெற்றியில் வியர்வை. தரையில் ஓர் எறும்பு எதையோ தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று போனது.

“பாருங்க, இவர் எவ்வளவு உணர்ந்து செய்யறார்!” அம்மா கைதட்டினார். “இப்போ எல்லாரும் மெதுவா இறக்கி வைங்க. மனசு லேசாயிடும்.”

எல்லோரும் இறக்கினார்கள். வழியில் போட்டால் திட்டு விழும் என்று சுவரோரம் கொண்டுபோய், ஒன்றன்மேல் ஒன்றாக அட்டி போட்டார்கள். மேல் வரிசைக்கு எக்க வேண்டியிருந்தது.

பதினோரு மூட்டை. நான் மட்டும் நின்றேன்.

மேஸ்திரியின் செருப்பு என் கண்ணெதிரே வந்து நின்றது.

“என்ன, இறக்கலையா?”

“கனம்ண்ணே” என்றேன். வேறு என்ன சொல்வது?

தாள் சரசரத்தது. பேனா மூடி கழன்ற சத்தமும் கேட்டது.

“மாமா, அசையாதீங்க! மூட்டை சரியுது!” என்று கத்தினான் மச்சான். “டேய், கை கொடுங்கடா!”

நான்கு பேர் ஓடிவந்தார்கள். இருவர் அக்குளில், ஒருவன் இடுப்பில், மச்சான் முதுகில். ஒரே மூச்சில் தூக்கினார்கள். மூட்டையைத்தான் தூக்கினார்கள், கூடவே நானும் நிமிர்ந்தேன். உயிர் போய் வந்தது.

நால்வரும் தள்ளாடித் தள்ளாடி அதைச் சுவரோரம் சுமந்து போனார்கள். நடுவில் ஒருமுறை நின்று மூச்சு வாங்கினார்கள். என் கவலை அவ்வளவு கனம் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

அந்த அமளியில் யாருடைய முழங்கையோ இடித்து, மேஸ்திரியின் பேனா அவர் காலடியில் விழுந்திருந்தது.

அவர் பேனாவைப் பார்த்தார். பழக்கத்தை மறந்து அதை எடுக்கக் குனிந்தார். ஒரு சாண் இறங்கியிருப்பார். கை இடுப்புக்குப் போனது. அப்படியே நின்றார். நெற்றியில் வியர்வை.

அந்த வளைவு எனக்குத் தெரியும். சற்றுமுன் நான் நின்ற இடம்.

அவர் என் தோளைப் பிடித்தார். பார்ப்பவர்களுக்குத் தட்டிக்கொடுப்பது போல இருந்திருக்கும். எனக்குத்தான் தெரியும், முழுப் பாரத்தையும் என்மேல் போட்டு நிமிர்ந்தார் என்று.

“எல்லா மூட்டையும் இறக்கியாச்சா?” என்றார்.

“ஆச்சுண்ணே.”

பேனாவைக் காலால் தள்ளினார். அது உருண்டுபோய்ச் சுவரில் முட்டி நின்றது.

“அடடா, அட்டிக்கு அடியில போயிடுச்சே” என்றார். எதுவும் எழுதாத தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

“இதோ இருக்கே” என்று அம்மா பேனாவை எடுக்கக் குனிந்தார்.

“தொடாதீங்கம்மா, அட்டி சரிஞ்சிடும்!”

கத்தியது பதின்மூன்று பேர்.