இருநூற்றுப் பதினான்கு ஒயர்கள்

வெண்டல் ஹாஸ் விஸ்கான்சினில் முப்பத்தொரு வருஷம் பல் டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரார் வாயில் கைவிட்டுப் பல் பிடுங்கத் தெரிந்த அந்த மனுஷனுக்கு, தான் கட்டும் விமானத்தில் ஒரு ஒயரின் மேலுறையை ஒழுங்காகச் சீவத் தெரியவில்லை.

சொந்தமாக விமானம் கட்டுகிறவர்களுக்கு அரசாங்கம் ஒரு விதி வைத்திருக்கிறது. வேலையில் பாதிக்கு மேல் கட்டுகிறவரே செய்திருக்க வேண்டும். அப்போதுதான் பறக்கச் சான்றிதழ் கிடைக்கும். வெண்டலின் இறக்கைகள் பாதி முடிந்த நிலையில் பெட்டியில் வந்து இறங்கின. பெயின்ட் அடித்தது ஒரு மெக்கானிக். இருக்கைகளைத் தைத்தது வேறொரு பெண்மணி. மிச்சம் இருந்த பெரிய வேலை ஒயரிங்தான். அதையும் மற்றவரிடம் விட்டால் எட்டு வருஷமும், மனைவி புதுச் சமையலறைக்கென்று சேர்த்த பணமும் ஹேங்கரில், அந்த விமானக் கொட்டகையிலேயே தூசி படிந்து கிடக்கும்.

அதைவிட அவமானம் வேறு இருந்தது. சனிக்கிழமை காலை ஓடுபாதை ஓரத்தில் காபியும் டோனட்டுமாகக் கூடும் கும்பல், இப்படிப்பட்டவர்களுக்கு ஒரு பட்டமே வைத்திருந்தது. ‘செக் எழுதியே பிளேன் கட்டின மகராசன்’.

பக்கத்து ஹேங்கர்காரர் லைல் டொம்ப்ராவ்ஸ்கிக்கு இளகின மனசு. நண்பன் படும் பாட்டை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

“ஏன்யா தலையைப் பிச்சுக்கிற? முழு ஒயரிங்கையும் நானே என் வீட்டுல செஞ்சு தர்றேன். எல்லாம் ராணுவத் தரம். கொண்டாந்து சொருகினா வேலை முடிஞ்சுது. ஆனா என்கிட்ட வாங்கினேன்னு மட்டும் மூச்சு விடக் கூடாது.”

“மாட்டிக்கிட்டா என்ன பண்றது லைல்?”

“ஏன் மாட்டப்போற? நீ பண்ணினதாவே காட்டிடுவோம்.”

சொன்னதோடு நிற்கிற ஆளில்லை லைல். வெண்டல் கையில் ஒயர் முனை அழுத்தும் கிரிம்பிங் டூலைக் கொடுத்து நாற்பது போட்டோ எடுத்தார். ஒரே நாளில் எடுத்தது தெரியக் கூடாது என்று ஏழு தடவை சட்டையை மாற்ற வைத்தார். நோட்டுப் புத்தகத்தில் தேதிவாரியாக எழுதிப் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து வாங்கினார். மிச்சமிருந்த ஒயர் சுருள்களையும், ஒயர் மேல் எண் அச்சடிக்கும் மெஷினையும் வெண்டலின் மேஜையிலேயே விட்டுவிட்டார்.

“இதெல்லாம் உன் இடத்துல இருந்தாத்தானேப்பா நம்புவாங்க!”

ஒயரிங்கைச் சொருகி முடித்துக் காசு வாங்கிக்கொண்ட லைலிடம் ரசீது கேட்டபோது மட்டும் அவர் மனம் புண்பட்டது. நண்பர்களுக்குள் ரசீதா?

சான்றிதழ் தரும் பரிசோதகர் வருவதாகச் சொன்ன சனிக்கிழமை, ஒரு மணி நேரம் முன்னதாகவே ஒன்பது மணிக்கு ஒரு பெண்மணி கோப்புடன் வந்து நின்றார்.

“இன்கிரிட் நாஸ். அரசாங்கத்துலேர்ந்து வர்றேன். உங்க ஒயரிங்கைப் பாக்கணும்.”

வெண்டல் பக்கத்தில் நின்ற லைலைத் திரும்பிப் பார்த்தார். லைல்தான் சமாளித்து, வந்தவர் கையில் காபியைத் திணித்தார்.

அந்த அம்மாள் இறக்கையைப் பார்க்கவில்லை. எஞ்சினைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக விமானத்துக்குள் தலையை நுழைத்து, ஒயர் மேலிருந்த எண்களை லென்ஸ் வைத்துப் படித்தார்.

“இதை யார்கிட்ட வாங்கினீங்க டாக்டர்?”

“வாங்கறதா? என்ன மேடம் இப்படிக் கேட்டுட்டீங்க! இருநூத்திப் பதினாலு ஒயர். ஒவ்வொண்ணும் நானே சீவி, முனை அழுத்தினது.”

“இந்த எண் அச்சடிச்சது?”

“அதுவும் நான்தான். மெஷின் அதோ மேஜை மேல இருக்கு பாருங்க.”

“நிஜமாவா? யாரும் உதவி பண்ணலையா?”

கண்டுபிடித்துவிட்டாளோ என்று வெண்டலுக்குச் சந்தேகம். நாற்பது போட்டோவையும் நோட்டுப் புத்தகத்தையும் எடுத்து நீட்டினார். அந்த அம்மாள் ஒவ்வொரு படமாக நிதானமாகப் பார்த்தார்.

“எல்லாம் நீங்களே பண்ணினதா எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர முடியுமா?”

“ஒண்ணு என்ன, பத்து போடறேன்!”

லைல் பேனா கொடுத்து உதவினார். கையெழுத்துப் போட்டு முடித்ததும் வெண்டலுக்கு அப்படியொரு சந்தோஷம். இனி வானம் அவருடையது.

இன்கிரிட் நாஸ் காகிதத்தைக் கோப்பில் வைத்து மூடிவிட்டுத் தன் அடையாள அட்டையை எடுத்துக் காட்டினார்.

“உங்க பிளேன் பறக்குதா இல்லையாங்கறது என் கவலை இல்ல டாக்டர். அதுக்கு வேற ஆள் பத்து மணிக்கு வருவார். நான் மோசடிப் பிரிவு. மட்டமான ஒயர் மேல ராணுவத் தரம்னு பொய் எண் அச்சடிச்சு, மூணு மாநிலத்துல ஒருத்தன் வித்துக்கிட்டிருக்கான். ரெண்டு பிளேன் நடுவானத்துல புகைஞ்சுபோய் இறங்கியிருக்கு. அவனைத்தான் ஒரு வருஷமாத் தேடறேன். நீங்க வாங்கி ஏமாந்தவரோன்னு நினைச்சுத்தான் முதல்ல அப்படிக் கேட்டேன். வித்தவன் பேரை வாங்கிக்கிட்டுப் போயிருப்பேன்.”

கைவிலங்கு வெளியே வந்தது.

“ஐயோ மேடம், நான் பண்ணலை!” என்று அலறினார் வெண்டல். “எல்லாம் இந்த லைல் பண்ணிக் கொடுத்தது! காசு கொடுத்து வாங்கினேன்! சத்தியமா எனக்கு ஒயர் சீவவே தெரியாது!”

“தன்னடக்கம் மேடம்,” என்றார் லைல், கண்ணைத் துடைத்துக்கொண்டு. “இந்த ஓடுபாதையிலயே எதையும் விலைக்கு வாங்காம, எல்லாத்தையும் சொந்தக் கையால செஞ்ச ஒரே ஆள் இவர்தான்.”