முறுக்கிப் பிழியாதீங்க

"தண்ணியத் தொட்டுப் பாருங்கண்ணே. சூடா இருந்தா ஸ்வெட்டர அதுல போடவே கூடாது."

சின்னையா பேசினுக்குள் விரலை விட்டுப் பார்த்தார். "பச்சத் தண்ணிதாம்மா."

"போன வாரமும் இப்படித்தான் சொன்னீங்க. எடுத்துட்டுப் போயி கொடியில தொங்கப் போட்டு, கை ரெண்டும் இழுத்துக்கிட்டு வந்துருச்சு. இன்னிக்கு என் கண்ணு முன்னாலதான் துவைக்கணும். சரியா வரலன்னா நான் வேற டோபியப் பாத்துக்குவேன்லா."

நல்லம்மாள் முன்வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். புந்தோங்கில் காலை பத்து மணிக்கே சிமெண்டுத் தரை சுட்டது. அந்த வெக்கையிலும் அதுவரை போட்டிருந்த ஊதா நிற ஸ்வெட்டரை இப்போதுதான் கழற்றி மடியில் வைத்திருந்தாள். கொடுக்க மனமில்லாமல் இரண்டு முறை நீட்டி, இரண்டு முறையும் இழுத்துக்கொண்டாள்.

வேறு டோபி என்றதும் சின்னையா பேசினை அவள் பக்கமாக நகர்த்தி வைத்தார். இந்த ஒரு வேலைக்காகத்தான் அவள் அவரைக் கிட்டே வர விடுகிறாள். மற்ற நேரத்தில் கண்ணில் பட்டால் "யாரது?" என்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்திவிடுவாள். ஆனாலும், அவள் நாலு வார்த்தை பேசும் நாளில்தான் அவருக்குச் சோறு தொண்டையில் இறங்கியது.

மூன்றாவது முறை நீட்டியபோது சட்டென்று வாங்கிக்கொண்டார். ஷாம்பு கலந்த தண்ணீரில் அமிழ்த்தினார்.

"தேய்க்காதீங்க. அமுக்கி அமுக்கி விடுங்க, போதும்."

அமுக்கினார். நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசித் தூக்கினார். தண்ணீர் கொட்டியது.

"ஐயோ, முறுக்கிப் பிழியாதீங்கண்ணே!"

"இல்லம்மா, பிழியல."

"துளசி! துண்டு கொண்டாம்மா."

மகள் துளசி உள்ளேயிருந்து பெரிய துண்டோடு வந்தாள். யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் தரையில் விரித்தாள். சின்னையா ஸ்வெட்டரை அதன்மேல் பரப்பி, பாயைச் சுருட்டுவதுபோலத் துண்டோடு சேர்த்துச் சுருட்டி, உள்ளங்கையால் அழுத்தினார். ஈரம் துண்டில் ஊறியது.

"எங்க வீட்டுக்காரர் கேமரன் மலையிலேர்ந்து வாங்கியாந்தது," என்றாள் நல்லம்மாள். "காய்கறி லோரி ஓட்டுறாரு. இப்பகூட மலைக்குத்தான் போயிருக்காரு."

"எப்பம்மா வருவாரு?"

"வெள்ளிக்கெழம வந்துருவேன்னாரு. வர்றப்ப நான் இதப் போட்டிருந்தா அவருக்குப் புடிக்கும்."

துளசி முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அந்த லோரியை விற்றுப் பதினோரு வருடம் ஆகிறது. அது தெருவுக்கே தெரியும். சின்னையாவுக்கும் தெரியும். அவர் துண்டை இன்னொரு முறை அழுத்தினார்.

நல்லம்மாள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அண்ணனுக்குக் குடும்பம் இருக்கா?"

"இருக்கும்மா. சம்சாரம் இருக்கு."

"ஒழுங்கா சோறு போடுதா? எளச்சுப் போயிருக்கீங்களே."

"முன்ன ஊட்டாத குறையாப் போடும். இப்ப எங்கூட பேச்சே இல்ல."

"ஏன், சண்டையா?"

"சண்டையெல்லாம் இல்லம்மா."

"அது எப்படி? பொம்பளைங்க சும்மா பேசாம இருப்பாங்களா? நீங்கதான் என்னமோ செஞ்சிருப்பீங்க. போயி பக்கத்துல உக்காந்து நல்லதா ரெண்டு வார்த்தை பேசுங்க. எத்தன நாளைக்குத்தான் மூஞ்சத் திருப்பிக்கிட்டு இருக்கும்?"

"பேசுறேம்மா." குனிந்து துண்டைப் பிரித்தார்.

நிழலில் கிடந்த மேசைமேல் ஸ்வெட்டரைப் பரப்பினார். கைகள் இரண்டையும் நேராக்கி, கழுத்தை வட்டமாக்கி, கசங்கிய இடத்தை விரலால் நீவிவிட்டார். நல்லம்மாள் எழுந்து வந்து ஓரங்களைத் தடவிப் பார்த்தாள். அவள் முகம் தெளிந்தது.

"இன்னிக்குத்தான் ஒழுங்கா செஞ்சிருக்கீங்க. நாளைக்கு வாங்க, காஞ்சிருந்தா மடிச்சு வெக்கலாம். ஆணியில மாட்டக் கூடாது. தோள்பட்டை தொங்கிப் போயிரும். போயிட்டு வாங்கண்ணே."

அவர் வெளியே வந்ததும் இரும்புக் கதவை இழுத்துத் தாழிட்டாள். பூட்டை இரண்டு முறை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் நாற்காலிக்குப் போனாள்.

சின்னையா தெருமுனை வரை நடந்தார். மோட்டார் சைக்கிளில் போன ஒருவர் கையசைத்ததைக்கூட அவர் கவனிக்கவில்லை. வளைந்து, பின்சந்தில் நுழைந்து, அதே வீட்டின் சமையலறைக் கதவுக்கு வந்து நின்று, சத்தமில்லாமல் ஒரு விரலால் தட்டினார்.

துளசி திறந்தாள். கண்கள் சிவந்திருந்தன. "வாங்கப்பா," என்றாள் தணிந்த குரலில். "இன்னிக்காவது அம்மாவுக்கு உங்கள அடையாளம் தெரிஞ்சுச்சா?"

"இல்லலா," என்றார் சின்னையா, செருப்பைக் கழற்றியபடி. "ஆனா நாளைக்கு வரச் சொல்லியிருக்கு."