கோல்கீப்பர் வேண்டும்

“மழக்காலம் வந்தா ஃபுட்பால் மேட்ச் ஆரம்பிச்சிரும், அக்கா. அண்ணன் வரமாட்டேன்னா எப்படி?”

தாராவி தோல் பட்டறை டீமுக்காக மாஹிம் வரை நடந்து வந்திருந்தான் அதன் ரசிகன் இசக்கிப்பாண்டி. கோல்கீப்பர் ஜமால் கடைக்குப் போயிருந்தார். அவர் மனைவி நஜ்முன்னிசா சாயா கொடுத்தாள்.

“பேக் ஆடுறவனுக்கு முட்டி போச்சு. பார்வர்டு ரெண்டு பேரும் ஊருக்குப் போயிட்டானுவ. கோலும் காலியா கெடந்தா நாங்க யார நம்பி மேட்சுக்கு வாறது?”

“டீம் மேல அவுகளுக்குக் கோவமில்ல, தம்பி. போன வருசம் பூரா ஒருத்தன் கோலுக்குப் பின்னால நின்னு ஏசியிருக்கான். மவுத்தாப்போன உம்மாவக்கூட விடல. பந்த விட்டுட்டுத் திரும்பிப் பாக்க முடியுமா? மூஞ்சி தெரியாது. ஆனா அந்தக் கொரல எங்க கேட்டாலும் தெரியும்ங்காக.”

இசக்கிப்பாண்டி டம்ளரைக் கீழே வைத்தான்.

வாசலில் செருப்புச் சத்தம். ஜமால் உள்ளே வந்தார்.

“உங்க டீமுக்காக வருத்தப்பட்டு வந்திருக்காரு” என்றாள் அவள். “நீங்களே சொல்லுங்க, தம்பி.”

இத்தனை நாள் முதுகை மட்டுமே பார்த்திருந்த மனிதரை இசக்கிப்பாண்டி இப்போதுதான் நேருக்கு நேர் பார்த்தான். கைகூப்பினான். வாயை மட்டும் திறக்கவில்லை.