முதல் கை

பிரஷர் பார்க்கும் பட்டையை என் இடது கையில் சுற்றும்போதே சிஸ்டர் சிரிக்கத் தொடங்கிவிட்டார்.

எதிரே முப்பது பேர் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். வயதானவர்கள், கைக்குழந்தையோடு வந்தவர்கள். அவர்களும் சிரிக்கத் தயாராக இருந்தார்கள்.

எங்கள் டிரஸ்ட்டின் மருத்துவ வண்டிக்கு நான்தான் டிரைவர். இந்த மேட்டுக் குடியிருப்புக்கு ஆம்புலன்ஸ் வராது. கூப்பிட்டால் பாதை சரியில்லை என்று போனை வைத்துவிடுவார்கள். அதற்காகவே வாங்கிய வண்டி இது. செவ்வாய்தோறும் வந்து பிரஷரும் சர்க்கரையும் பார்ப்போம். ரொம்ப முடியாதவர்களைத் திரும்பும்போது ஏற்றிக்கொண்டுபோய்ப் பெரிய ஆஸ்பத்திரியில் விடுவோம்.

முதன்முதலாக வந்த அன்று ஒருவரும் கை நீட்டவில்லை. பட்டை இறுகினால் நரம்பு அறுந்துவிடும் என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள்.

சிஸ்டர் என்னைப் பிடித்து உட்காரவைத்து, எல்லோரும் பார்க்க என் கையில் சுற்றிக் காற்றடித்தார். நூற்று இருபது, எண்பது என்று உரக்கச் சொன்னார். நான் கண்ணை உருட்டி, நாக்கைத் தள்ளி, செத்தவன் மாதிரி நாற்காலியில் சாய்ந்தேன். பிறகு துள்ளி எழுந்தேன். அன்று பதினேழு பேர் கை நீட்டினார்கள்.

அதுவே வழக்கமாகிப்போனது. மூன்று வருடமாக முதல் கை என்னுடையதுதான்.

ஸ்டெதாஸ்கோப் சிஸ்டரின் கழுத்தில் சும்மா தொங்கும். பிரஷர் மீட்டரின் முள்ளையும் பார்க்கமாட்டார். கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே காற்றடிப்பார். நல்ல எண்ணைச் சொன்னால்தானே அடுத்தவர் வருவார்.

இதெல்லாம் எனக்கும் தெரியும். தெரிந்தும், கேட்டுக் கேட்டு அதுதான் என் பிரஷர் என்று நம்பிவிட்டேன். குடியிருப்பில் என் பெயரே நூத்திருபது. வீட்டில் தலைவலி என்று படுத்தால், உங்களுக்கென்ன, நூத்திருபது என்று சொல்லிவிட்டு என் மனைவி அவள் வேலையைப் பார்க்கப் போவாள்.

இன்று காலை ஏறும்போது, மூன்றாவது வளைவில் இடது கை விரல்கள் மரத்துப்போயின. ஸ்டியரிங் நழுவியது. வலது கையால் எப்படியோ வளைத்தேன். பக்கத்தில் சிஸ்டர் மருந்துப் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரியாது, நானும் சொல்லவில்லை. சொன்னால் வண்டியிலிருந்து என்னை இறக்கிவிடுவார்கள். வேறு டிரைவர் கிடைக்கிறவரை வண்டி நின்றுவிடும். அதெல்லாம் சாக்கு. உண்மையில் எனக்குப் பயமாக இருந்தது.

மாலையில் அதே வளைவுகளில் இறங்க வேண்டும். சிஸ்டரையும் நோயாளிகளையும் ஏற்றிக்கொண்டு.

இப்போது பட்டை கையில் இறுகிக்கொண்டிருந்தது. சிஸ்டர் ஒரே ஒரு முறை முள்ளைத் திரும்பிப் பார்த்தால் போதும். அவர் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"சிஸ்டர், நெஜமாவே தலைவலி தாங்க முடியல. காதுல மாட்டிக்கிட்டு ஒரு தடவ சரியாப் பாருங்க."

கூட்டம் குலுங்கிச் சிரித்தது. மூன்று வருடத்தில் இவ்வளவு நன்றாக நான் நடித்ததே இல்லை என்று முன்வரிசைப் பெரியவர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்.

எழுந்து போகலாம் என்றால் பட்டையும் குழாயும் என்னை மேசையோடு பிடித்து வைத்திருந்தன. நானும் சிரித்தேன். வேறென்ன செய்வது? உதட்டின் இடது பக்கம் மட்டும் அசையவில்லை.

சிஸ்டர் அதைப் பார்த்துவிட்டார்.

ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் மாட்டினார். அதற்கும் ஒரு சிரிப்பு எழுந்தது. வழக்கமாக நாலைந்து அமுக்கலோடு நிறுத்துபவர் இன்று காற்றடித்துக்கொண்டே போனார். பிறகு மெல்லத் திறந்துவிட்டார். முள் துள்ளத் தொடங்கிய இடத்தை நானும் பார்த்தேன். இருநூற்றுப் பத்து. மூன்று வருடம் பக்கத்தில் உட்கார்ந்தவனுக்கு அதுகூடவா தெரியாது?

சிஸ்டர் நிமிர்ந்தார். நூற்று இருபது, எண்பது என்று அறிவித்தார். குரல் எப்போதும்போலவே இருந்தது. பட்டையை அவிழ்க்கிற சாக்கில் குனிந்து, என் சட்டைப் பையிலிருந்து வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டார்.

எனக்கு அழுகை வந்தது. ஒருவழியாக இன்னொருவருக்கும் தெரிந்துவிட்டது.

பிறகுதான் உறைத்தது. சிஸ்டருக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. இந்தக் குடியிருப்பில் ஓட்டத் தெரிந்த நாலைந்து பேரும் விடிவதற்குள் கீழே வேலைக்கு இறங்கிவிடுவார்கள்.

அவருக்கும் உறைத்திருக்க வேண்டும். சாவியைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார்.

"இங்க யாருக்காவது வேன் ஓட்டத் தெரியுமா?"

விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிஸ்டரும் நடிக்க ஆரம்பித்துவிட்டார் என்று ஒரு பெண் கைதட்டினாள். அவர் மறுபடியும் கேட்டார். குரல் உடைந்தது. அதற்கும் சிரித்தார்கள்.

முன்வரிசைப் பெரியவர் மட்டும் சிரிப்பை அடக்கிக்கொண்டு கையைத் தூக்கினார். நான் பாதி எழுந்துவிட்டேன்.

அவர் மெதுவாக முன்னால் வந்து நோயாளிகளுக்குப் போட்டிருந்த முக்காலியில் உட்கார்ந்தார். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டு, கையை மேசைமேல் நீட்டினார்.