வளையத்தைப் பிடித்த கை

போர்க்கப்பல் கரையை விட்டு வந்து மாதங்கள் ஆகிவிட்டன. அதன் கைப்பிடிக் கம்பியில் ஓர் உயிர்காப்பு வளையம் தொங்கியது. மாலுமிகள் தினமும் அதைத் துடைத்தார்கள், ஆனால் கடலில் விழுந்து யாரும் அதைப் பிடித்துக்கொண்டதில்லை.

"துறைமுகம் வந்தா என்னைத்தான் கூப்பிடுவாங்க. உன்னை யாருடா தம்பி தேடுறாங்க?" என்று சீண்டியது, கப்பலைக் கரையில் கட்டும் கயிறு.

ஒருநாள், "ஆள் விழுந்துட்டான்" என்று குரல் கேட்டது. வளையத்தைக் கடலில் வீசினார்கள். நெருங்கிய பிறகுதான் வளையத்துக்கு, விழுந்தது ஒத்திகைக்குப் போட்ட வைக்கோல் பொம்மை என்று தெரிந்தது. ஆனாலும் அதன் கை தன்மேல் கிடக்க, படகு வரும்வரை வளையம் ஒட்டியே மிதந்தது.

பொம்மையை அலமாரியில் பூட்டினார்கள். வளையம் பழையபடி கம்பிக்கு வந்தது.

"வைக்கோலைக் காப்பாத்தின வீரரே, திருப்தியா?" என்றது கயிறு.

"எப்பவும் வைக்கோலே விழட்டும் அண்ணே," என்றது வளையம், நீர் சொட்டச் சொட்ட. "அடுத்த ஒத்திகை எப்போன்னு மட்டும் தெரிஞ்சா சொல்லுங்க."